புலி நகமும் பொன் நகமும்

பிறந்த குழந்தைக்குக் காப்பு அணிவிக்கும் வழக்கம் உலகில் ஏறத்தாழ எல்லா மக்களிடமும் காணப்படுவதாகும். தென்னிந்தியாவில் இவ்வழக்கம் இன்றும் மறையவில்லை. பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியைச் சார்ந்த காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், அல்சூர் முதலிய இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அத்தகைய குடும்பங்களில் குழந்தையின் இடையில் கறுப்புக் கயிறும், அதில் கோத்த வெள்ளித் தாயத்தும் இருப்பது சாதாரணக் காட்சி. பெரியவர் சிலரின் விரலில் யானைமுடி மோதிரம் இருக்கும். பாட்டன் காலத்து நகைப்பெட்டியில் பொன்பூண் இட்ட புலிநகம் ஒன்று இருப்பதும் உண்டு.

இப்பொருள்களை வீட்டார் பெரிதாக எண்ணுவதில்லை. முன்னோர் அணிந்தனர், ஆகவே தாமும் வைத்திருக்கின்றனர். ஆனால் 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்றிருந்த ஒருவர், கழுத்தில் புலிநகப் பதக்கம் அணிந்திருந்தார் என்ற புகாரின்பேரில் வனத்துறையினரால் கைது செய்யப்பட்டார். அதைத் தொடர்ந்து பலருடைய பதக்கங்கள் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. அணிந்தவரைக் காக்கும் என்று கருதப்பட்ட ஒரு சிறு பொருள் அவரைச் சிறைக்குக் கொண்டுசெல்லக் கூடும் என்பதை அந்நிகழ்ச்சி பலருக்கு முதன்முறையாக உணர்த்திற்று.

இவ்வழக்கம் எவ்வாறு தோன்றிற்று? விலங்கின் உடலுறுப்பு இன்றியே இதைக் கடைப்பிடிக்க இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை காண, விலங்குருவக் காப்புகளை மிகப் பெரும் அளவில் செய்து அணிந்த பண்டைய எகிப்தியரை முதலில் நோக்குதல் பயன் தரும்.

எகிப்தியரின் சிறு காப்புருவங்கள்

எகிப்தில் கி.மு. 4000க்கும் முற்பட்ட பதாரிப் பண்பாட்டுக் கல்லறைகளிலேயே நீர்யானை, மான் ஆகியவற்றின் வடிவில் அமைந்த சிறு காப்புகள் கிடைத்துள்ளன. அன்று முதல் ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகள் இக்கலை இடையறாது வளர்ந்தது. ஆங்கிலத் தொல்பொருள் ஆராய்ச்சியாளரான பிளிண்டர்ஸ் பீட்ரி 1914ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எகிப்தியக் காப்புகளை 275 வகைகளாகப் பிரித்துக் காட்டினார். இவற்றுள் பெரும்பாலானவை ஒரு விரற்கடையளவே உள்ளவை. நூல் கோப்பதற்கு ஒரு துளையோ வளையமோ உடையவை.

எகிப்தியர் எந்த விலங்கை எதற்காகத் தேர்ந்தனர் என்பது ஆராயத்தக்கது. தேர்வு அனைத்தும் கண்கூடான கவனிப்பிலிருந்து பிறந்ததேயாகும். பெண் நீர்யானை தன் கன்றைக் கடுமையாகக் காப்பது. ஆகவே நீர்யானை வடிவம் கொண்ட தவெரெத் என்னும் தேவதை கருவுற்ற பெண்களுக்கும் சிசுக்களுக்கும் காவலாயிற்று. நைல் நதியில் வெள்ளம் வடியும்போது தவளைகள் திரள்திரளாகத் தோன்றும். ஆகவே தவளை வடிவத் தேவதையான ஹெகெத் மகப்பேற்றுக்கு உரியவளானாள். எகிப்திய எழுத்துமுறையில் தவளைக் குஞ்சின் உருவம் இலட்சம் என்னும் எண்ணைக் குறித்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டு, வானில் ஞாயிற்றை உருட்டும் கெப்ரி என்னும் தெய்வத்தின் வடிவாகக் கருதப்பட்டது. மண்ணுக்குள் புதைந்த உருண்டையிலிருந்து புதிய வண்டுகள் வெளிவருவதைக் கண்டவர்கள் அதை மறுபிறப்பின் சின்னமாகக் கொண்டனர். சிறுமியர் தம் சடையில் மீன் வடிவப் பதக்கம் அணிந்தனர். அது நீரில் மூழ்காமல் காக்கும் என்பது நம்பிக்கை. தேளின் உருவம் தேள்கடியைத் தடுக்கும் என்றும் எண்ணினர்.

வாழ்வோர் மட்டுமன்றி இறந்தோரும் இக்காப்புகளை அணிந்தனர். 1922ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட துட்டங்காமன் கல்லறையில், அம்மன்னனின் உடலைச் சுற்றியிருந்த துணி மடிப்புகளுக்கிடையே நகைகளும் காப்புகளுமாக 140க்கு மேற்பட்ட பொருள்கள் 1925ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டன.

மணலிலிருந்து செய்த காப்பு

மன்னனுக்குப் பொன்னும் மணியும் கிட்டின. உழவனின் மனைவி தன் குழந்தைக்கு எதை அணிவித்தாள்? இங்கேதான் எகிப்தியரின் தொழில்நுட்பம் உதவிற்று. மட்பாண்டக் களிமண் இன்றி, படிகக்கல் மணலையே மாவாக அரைத்து, அதனுடன் சிறிது சுண்ணாம்பும், சாம்பல் காரமோ நேட்ரான் என்னும் இயற்கைச் சோடா உப்போ சேர்த்து, நீர் விட்டுப் பிசைந்தனர். நீல, பச்சை நிறத்துக்காகச் செம்புச் சேர்மம் கலந்தனர். சுட்டமண் அச்சுக்களில் இப்பசையை அழுத்தி உருவம் எடுத்தனர். அது காயும்போது உள்ளிருந்த உப்பு நீருடன் மேற்பரப்புக்கு வந்து படிந்தது. பின்னர்ச் சூளையில் இட்டபோது அவ்வுப்பு மணலுடன் உருகிக் கண்ணாடி போன்ற பளபளப்பான மேற்பூச்சாயிற்று.

உவர்நிலத்து மண்சுவர்களில் மழைக்குப்பின் வெண்ணிறமாக உப்புப் பூப்பதைக் கிராமங்களில் யாவரும் கண்டிருப்பர். எகிப்தியத் தொழிலாளி பயன்படுத்தியது அதே நிகழ்ச்சியைத்தான். மேற்பூச்சைத் தனியே பூச வேண்டாத இப்பொருள் இன்று ‘ஃபையான்ஸ்’ எனப்படுகிறது. எகிப்தியர் இதற்கு இட்ட பெயர் ‘ஒளிர்வது’ என்று பொருள்படுவது. மணலும் சாம்பலும் மலிவானவை. ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான உருவங்களை எடுக்கலாம். ஆகவே எளிய மக்களும் நீர்யானைக் காப்பை அணிய முடிந்தது. அதற்காக நீர்யானை ஒன்றைக் கொல்ல வேண்டியிருக்கவில்லை.

நம் நாட்டுச் சிந்துவெளி மக்களும் இத்தொழிலை அறிந்திருந்தனர். மொகெஞ்சதாரோ, ஹரப்பா ஆகிய இடங்களில் ஃபையான்ஸால் செய்த சிறு அணில் உருவங்கள் கிடைத்துள்ளன. முன்கால்களை வாயருகே தூக்கி அமர்ந்திருக்கும் அவ்வணில்களை இன்றும் நம் முற்றங்களில் காணலாம்.

பொன்னில் வார்த்த நகங்கள்

எகிப்தியப் பொருள்களுள் நம் பொருளுக்கு மிக நெருங்கியது வேறொன்று. 1914ஆம் ஆண்டில், பீட்ரியும் அவருடன் பணியாற்றிய கை பிரண்டனும் லாஹூன் என்னும் இடத்தில், சித்ஹத்தோர்யுனெத் என்ற இளவரசியின் நகைகளைக் கண்டெடுத்தனர். அவள் வாழ்ந்த காலம் இற்றைக்குச் சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன்னர். அந்நகைகளுள், செவ்வூதா நிறமுடைய செவ்வந்திக்கல் மணிகளால் கோத்த கால் அணி ஒன்று உண்டு. அதில் தொங்கும் பதக்கங்கள் சிறுத்தை முதலிய பூனையினத்து விலங்கின் நக வடிவில் அமைந்தவை. அவை நகங்கள் அல்ல; பொன்னால் செய்யப்பட்டவை.

அரசகுலத்தைச் சேர்ந்த ஒருத்திக்கு உண்மையான நகம் கிடைத்தல் அரிதாக இருந்திராது. ஆயினும் பொன்னில் செய்த நகமே போதுமென அக்காலத்தார் கருதினர். காக்கும் ஆற்றல் வடிவத்தில் உள்ளது என்பதே அவர்தம் கோட்பாடு. உறுப்பு வேண்டியதில்லை, உருவமே போதுமானது.

இதனால் எகிப்தியர் விலங்குகளுக்குத் தீங்கு செய்யாதவர் என்று கொள்ளுதல் தவறாகும். நீர்யானையை அவர்கள் வேட்டையாடினர். பிற்காலத்தில் பறவைகளையும் பூனைகளையும் இலட்சக்கணக்கில் கொன்று பதப்படுத்திக் கோயில்களுக்குக் காணிக்கையாக்கினர். வேட்டையாலும் வேளாண்மை பெருகியதாலும் நீர்யானை எகிப்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் முற்றிலும் மறைந்தது. அருங்காட்சியகங்களில் நீலநிற நீர்யானைகள் உள்ளன. கெய்ரோவையடுத்த நைல் நதியில் ஒன்றேனும் இல்லை.

தமிழகத்தில் புலிப்பல் தாலி

தமிழரிடையே விலங்குக் காப்பின் தொன்மைக்குச் சங்க நூல்களே சான்று. அகநானூறு, புறநானூறு, குறுந்தொகை ஆகிய மூன்றிலும் புலிப்பல் கோத்த தாலி குறிக்கப்பட்டுள்ளது. தாலி என்னும் சொல் அக்காலத்தில் திருமண அணியை மட்டும் குறிக்கவில்லை. குழந்தைகளின் கழுத்தணியையும் குறித்தது. புலி உலவும் குறிஞ்சி நிலத்தில், புலியின் பல்லைக் குழந்தைக்கு அணிவித்தால் தீயவை அணுகா என்று நம்பியதில் வியப்பில்லை. வட இந்தியாவில் குப்தர் காலத்துக் கார்த்திகேயன் சிற்பங்களிலும் கழுத்தில் புலிநக மாலையைக் காணலாம்.

ஆயினும் தமிழ் மரபில் வேறொரு காப்பும் அதே தொன்மையுடன் விளங்கிற்று. அதுவே ஐம்படைத்தாலி. திருமாலின் ஐந்து படைகளான சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஆகியவற்றின் சிறு வடிவங்களைப் பொன்னில் செய்து குழந்தைக்கு அணிவித்தனர். மணிமேகலை இதனைக் குறிப்பிடுகிறது. இளமையிலேயே போர்க்களம் புகுந்த பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தாலியை இன்னும் களையாதவனாக இருந்தான் எனப் புறநானூற்றின் 77ஆம் பாட்டுக் கூறும்; அத்தாலி ஐம்படைத்தாலியே என்பர் உரைகாரர். யாழ்ப்பாணத் தமிழர் இன்றும் இதனைப் ‘பஞ்சாயுதம்’ என்று வழங்கிக் குழந்தைகளுக்கு அணிவிக்கின்றனர். தமிழகத்துக் குழந்தைகளின் அரைஞாணில் கோக்கும் ‘நாய்க்காசு’ வெள்ளியாலான விலங்குருவக் காப்பேயாகும்.

ஆகவே இரு மரபுகள் நம்மிடையே அருகருகே இருந்துள்ளன. ஒன்று விலங்கின் உறுப்பை நாடியது. மற்றொன்று உலோகத்தில் செய்த உருவத்தை நாடியது. இரண்டாவதும் முன்னோர் வழக்கமே என்பதை மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். புலிநகத்தைக் கைவிடுவது மரபைக் கைவிடுவதாகாது.

நரிக்கொம்பும் யானைமுடியும்

உறுப்பை நாடும் நம்பிக்கை ஏமாற்றுக்கும் இடம் தருகிறது. இதற்குச் சிறந்த உதாரணம் நரிக்கொம்பு. இலங்கையில் பணியாற்றிய சர் ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் 1861ஆம் ஆண்டில் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில் இது பற்றி எழுதியுள்ளார். நரிக்கூட்டத்தின் தலைமை நரிக்கு மட்டும் தலையில் சிறு கொம்பு முளைக்கும் எனவும், அதை உடையவர் வழக்கில் வெல்வர் எனவும், நகைகளுடன் அதை வைத்தால் திருடர் அணுகார் எனவும் அங்கிருந்த சிங்களரும் தமிழரும் நம்பியதாக அவர் குறிக்கிறார். இந்நம்பிக்கை இன்றும் அழியவில்லை.

உண்மையில் நாயினத்தைச் சேர்ந்த எவ்விலங்குக்கும் கொம்பு கிடையாது. சந்தைகளில் நரிக்கொம்பு என விற்கப்படுபவை எலும்புத் துண்டின்மீது மயிருடன் கூடிய தோலை ஒட்டி உருவாக்கியவை. பொய்யான இப்பொருளுக்காக உண்மையான விலங்குகள் கொல்லப்படுகின்றன என்பதே வருந்தத்தக்கது. இதைப் போன்றே, அபூர்வமான வேர் என்று கூறி விற்கப்பட்டு வந்த ‘ஹத்தா ஜோடி’ என்னும் பொருள் உடும்பின் உறுப்பே என்பது 2017ஆம் ஆண்டில் பரவலாக வெளிப்பட்டது.

யானைமுடி மோதிரத்தின் நிலையும் இதுவே. யானையின் வால்மயிர் கம்பி போல் தடித்தது. அதை உயிருள்ள யானையிடமிருந்து பறித்தால் யானைக்கு நோவு உண்டாகும். வாலின் மயிர் ஈயையும் கொசுவையும் ஓட்டுவதற்காக இயற்கை அளித்த கருவி. கடைகளில் விற்கும் மோதிரங்களில் நைலான் இழையும் உண்டு. நைலானை அணிந்தவருக்கும் யானைமுடியை அணிந்தவருக்கும் கிடைத்த மனத்துணிவில் வேற்றுமை இருந்ததாக ஒருவரும் கூறக் காணோம்.

ஒரு புலிக்குப் பதினெட்டு நகங்கள்

புலியின் முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து நகங்களும், பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு நகங்களுமாக மொத்தம் 18 நகங்கள் உள்ளன. கோரைப்பற்கள் நான்கு. தோளருகே தசையில் புதைந்துள்ள சிறு காறை எலும்புகள் இரண்டும் அதிர்ஷ்டப் பொருளாக விற்கப்பட்டதுண்டு. ஆக ஒரு புலி கொல்லப்பட்டால் காப்பாக விற்கத்தக்கவை 24 மட்டுமே. ஒரு சிறு தெருவிலுள்ள குழந்தைகளுக்குக் கூட இவை போதா.

நகத்தின் பொருள் யாது? உள்ளே விரலின் நுனி எலும்பு. அதன்மேல் உறை போல் அமைந்திருப்பது கெரட்டின் என்னும் புரதம். மனிதனின் நகமும் மயிரும், ஆட்டுக்கொம்பின் மேலுறையும், குதிரையின் குளம்பும் இதே புரதத்தால் ஆனவை. இரசாயன முறையில் புலியின் நகத்தில் மட்டும் தனியாக அமைந்த ஆற்றல் எதுவுமில்லை.

1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 80,000 புலிகள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் மதிப்பிட்டுள்ளார். அக்காலத்தில் புலிநகத்தைப் பொன்னில் பதித்துச் செய்த அணிகள் இங்கிலாந்துக்கும் சென்றன. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டபோது ஒன்பது காப்பகங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் கர்நாடகத்தின் பந்திப்பூரும் ஒன்று. அதன் பின்னரும் திருட்டு வேட்டை ஓயவில்லை. இராஜஸ்தானத்துச் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலியேனும் எஞ்சவில்லை என்பது 2005ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 1,411 புலிகளே இருந்தன. தொடர்ந்த பாதுகாப்பினால் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தொகை 3,682 ஆக உயர்ந்தது; இதில் கர்நாடகத்தின் பங்கு 563, தமிழகத்தின் பங்கு 306. இம்முன்னேற்றம் எளிதில் கிட்டியதன்று. எளிதில் இழக்கப்படக் கூடியது.

சட்டம் கூறுவது

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலி, சிறுத்தை, யானை ஆகியவை இடம்பெற்றுள்ளன. இவற்றின் உறுப்புகளை விற்பதும் வாங்குவதும் குற்றம். உரிமைச் சான்றிதழ் இன்றி வைத்திருப்பதும் குற்றமே. தம்மிடம் உள்ள பொருள்களை அறிவித்துச் சான்றிதழ் பெற மக்களுக்கு 2003ஆம் ஆண்டில் 180 நாள் வாய்ப்பு அளிக்கப்பட்டது. சான்றிதழ் உள்ள பொருளை மரபுரிமையாக அடைந்தவரும் 90 நாட்களுக்குள் அதை அறிவித்தல் வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, முதல் அட்டவணை விலங்குகள் தொடர்பான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படும். ‘தாத்தா விட்டுச் சென்றது’ என்பது மட்டும் சட்டத்தின் முன் போதிய விடையாகாது.

சந்தையில் உள்ள புலிநகங்களில் பல போலியானவை. மாட்டுக்கொம்பிலோ குளம்பிலோ பிளாஸ்டிக்கிலோ செதுக்கியவை. உண்மை நகத்தின் அடிப்பகுதி, எலும்பு பொருந்தியிருந்த இடமாதலால், உள்ளே குழிந்திருக்கும். எனினும் பூண் இட்ட நகத்தில் இது மறைந்துவிடும். கண்ணால் மட்டும் பார்த்து முடிவு கூறுதல் பொருந்தாது. ஐயம் நேரும் இடங்களில் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம், ஐதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் ஆகியவற்றின் ஆய்வகங்கள் மரபணுச் சோதனை மூலம் இனத்தைத் துணிந்து கூறுகின்றன. போலியும் தீங்கற்றதன்று, புலிநகம் அணிதல் பெருமை என்னும் எண்ணத்தை அது வளர்க்கிறது. அவ்வெண்ணத்தின் விலையைக் காட்டிலுள்ள புலி செலுத்துகிறது.

ஆசிரியரும் கள ஊழியரும் செய்யத்தக்கவை

காப்பு அணிவிக்கும் தாயை நகைப்பது பயனற்றது, முறையுமன்று. எகிப்திலும் தமிழகத்திலும் இக்காப்புகளைத் தோற்றுவித்தது ஒரே அச்சம்: பிறந்த குழந்தை பிழைக்குமோ என்னும் அச்சம். அது வீண் அச்சமும் அன்று. இந்தியாவில் 1971ஆம் ஆண்டில் கூட உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. 2020ஆம் ஆண்டில் இவ்வெண்ணிக்கை 28 ஆகக் குறைந்தது. தடுப்பூசி, தூய குடிநீர், வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல், மருத்துவமனைப் பேறு ஆகியவை இம்மாற்றத்தில் பெரும் பங்கு கொண்டவை. இதை முதலில் எடுத்துக் கூறும் கள ஊழியரின் சொல்லுக்குத் தாய் செவிசாய்ப்பாள். காப்பும் வேண்டுமென்றால், பொன்னிலோ வெள்ளியிலோ செய்த ஐம்படைத்தாலியையும் நாய்க்காசையும் அவர் பரிந்துரைக்கலாம்.

வீட்டில் பழைய புலிநகமோ புலிப்பல்லோ இருப்பதாகத் தெரியவந்தால், அதை விற்கவும், பிறருக்குக் கொடுக்கவும், எரிக்கவும், மறைக்கவும் வேண்டாம் என்று சொல்லுதல் வேண்டும். சான்றிதழ் உள்ளதா என்று பார்த்து, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தை அணுகுவதே தக்க வழி.

வகுப்பறையில் இப்பாடத்தைத் தொடங்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. களிமண்ணால் தவளை, வண்டு, மீன் முதலிய உருவங்களைச் செய்யச் சொல்லி, எகிப்தியர் ஒவ்வொன்றையும் ஏன் தேர்ந்தனர் என்று மாணவரையே ஊகிக்கச் செய்யலாம். உப்பு நீரில் பிசைந்த மண் உருண்டையை உலரவைத்தால், சில நாட்களில் அதன்மேல் வெண்மையாக உப்புப் பூக்கும். ஃபையான்ஸ் மேற்பூச்சின் தத்துவம் விளங்கிவிடும்.

புலியின் நகத்தைப் பற்றி அறியக் காட்டுக்குச் செல்லவும் வேண்டா. வீட்டுப் பூனையும் புலியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதற்கும் 18 நகங்களே உள்ளன. பழகிய பூனை உறங்கும்போது எண்ணிப் பார்க்கலாம். மரத்தையோ கோணிச்சாக்கையோ பூனை பிறாண்டிய இடத்தில், சில சமயம் அதன் நகத்தின் பழைய மேலுறை கழன்று கிடக்கும். வளைந்தும், உள்ளே குழிந்தும், மெல்லியதாகவும் இருக்கும் அவ்வுறையைக் கையில் எடுத்துப் பார்க்கும் மாணவனுக்கு, புலிநகம் என்பது எத்தகைய பொருள் என்பது தெளிவாகும்.